ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டைச் சீர்செய்ய வெளி ஆலோசகர்: எதிலிருந்து தொடங்குவது, எதை எழுதி வாங்குவது?

இளவேனில்:

எங்கள் நிறுவனத்தில் இப்போது 24 ப்ராஜெக்ட்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. மென்பொருள், புதிய தயாரிப்பு வடிவமைப்பு, ஆலை விரிவாக்கம் எல்லாம் கலந்துதான். மாதத்துக்குச் சராசரியாக 2 முடிகின்றன. சொன்ன தேதியில் முடிவது அரிது. வெளி ஆலோசகர்களைக் கூப்பிட மேலிடம் ஒப்புக்கொண்டுவிட்டது. வந்திருக்கும் மூன்று முன்மொழிவுகளும் ஒரே அச்சில் இருக்கின்றன: முதிர்ச்சி மதிப்பீடு (ப்ராஜெக்ட் நடத்தும் திறனுக்கு மதிப்பெண் போடுவது), பிஎம்ஓ (ப்ராஜெக்ட்களைக் கண்காணிக்கும் மைய அலுவலகம்), மென்பொருள், எல்லோருக்கும் பயிற்சி. எதிலிருந்து தொடங்கினால் பலன் தெரியும்? ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்க வேண்டும்? அவர்கள் கிளம்பிய பிறகும் நிலைக்கும்படி எப்படிச் செய்வது?

நிறைகோல்:

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதிப்படி, உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை = முடியும் வேகம் × ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரிக் காலம். 24-ஐ 2-ஆல் வகுத்தால் 12 மாதம். முடியும் வேகம் மாறாதவரை, எவ்வளவு திறமையான ப்ராஜெக்ட் மேனேஜரைப் போட்டாலும் இந்தச் சராசரி குறையாது. திறந்திருக்கும் ப்ராஜெக்ட்களை 12 ஆக்கினால் அதே வேகத்தில் 6 மாதம் ஆகும். நடைமுறையில் வேகமும் கொஞ்சம் கூடும். ஒரே ஆள் நான்கு ப்ராஜெக்ட்களுக்கு நடுவே மாறி மாறி உட்காரும்போது வீணாகும் நேரம் மிச்சமாகிறது அல்லவா?

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆட்கள் மேல் உள்ள பளு. எளிய வரிசைக் கணக்கில், ஒரே ஆள், வேலைகள் முன்பின்னாக வருகின்றன என்று வைத்துக்கொண்டால், அவருடைய நேரத்தில் 80% நிரம்பியிருக்கும்போது ஒரு வேலை காத்திருக்கும் நேரம் அந்த வேலையைச் செய்யும் நேரத்தைப் போல் 4 மடங்கு. 90%-ல் 9 மடங்கு, 95%-ல் 19 மடங்கு. நிஜம் இவ்வளவு சுத்தமாக இருக்காது, ஆனால் வளைவின் வடிவம் இதுதான். "எல்லோரையும் 100% பயன்படுத்துகிறோம்" என்று பெருமைப்படும் நிறுவனத்தில்தான் எதுவும் முடியாமல் கிடக்கும்.

ஆகவே ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் வேலை ஒரே ஒரு பட்டியல். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு வரி: ஸ்பான்சர் (மேலிடத்தில் அதற்குப் பொறுப்பானவர்) யார், எதற்காகத் தொடங்கியது, மீதி வேலை எவ்வளவு, பற்றாக்குறையான ஆட்களில் (டெஸ்டிங் பொறியாளர், கொள்முதல் ஆள், கட்டமைப்பு வடிவமைப்பாளர்) யார் தேவை. 24 என்று சொன்ன இடத்தில் 30-க்கு மேல் வந்தால் வியப்படைய வேண்டாம். துறைத் தலைவர்கள் வாய்மொழியாகச் சொல்லி ஓடவிட்ட வேலைகள் இந்தப் பட்டியலில்தான் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வரும்.

வெளியாள் இங்கேதான் உண்மையில் உதவுகிறார். தன் ப்ராஜெக்ட்டைத் தானே நிறுத்த எந்தத் துறைத் தலைவரும் முன்வரமாட்டார். எந்தத் துறையையும் சேராத ஒருவர் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துக் கேட்டால் பேச்சு தொடங்கும். நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் உங்கள் மேலிடத்திடமிருந்துதான் வர வேண்டும். அதையும் ஆலோசகர் தலையில் கட்டினால், அவர் கிளம்பிய மறுவாரமே நிறுத்தியதெல்லாம் திரும்ப ஓடும்.

செவ்வந்தி:

நிறைகோலோடு உடன்படுகிறேன். முதிர்ச்சி மதிப்பீடு பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று முன்மொழிவிலும் அது முதலில் நிற்கிறது.

கேள்வித்தாள் கொடுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையில் கடைசியில் கிடைப்பது "நீங்கள் 2.3-ல் இருக்கிறீர்கள்" என்ற வாக்கியம். திங்கட்கிழமை காலையில் எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. பதில் எழுதுபவர்களும் நடப்பதை எழுதுவதில்லை, நடக்க வேண்டியதை எழுதுகிறார்கள்.

அதற்குப் பதிலாகப் பழைய கோப்புகளைத் தோண்டச் சொல்லுங்கள். சமீபத்தில் முடிந்த 8, ஓடிக்கொண்டிருக்கும் 4. ஒவ்வொன்றிலும் நான்கு ஆவணம் போதும்: முதலில் ஒப்புதல் பெற்ற மதிப்பீடு, பேஸ்லைனும் (ஒப்புக்கொண்ட மூலத் திட்டம்) அதில் செய்த மாற்றங்களும், மாதாந்திர அறிக்கைகள், முடிவறிக்கை. பிறகு ஒரு வரைபடம். கிடை அச்சில் அறிக்கை தேதி, நிலை அச்சில் அந்த அறிக்கை "முடியும்" என்று சொன்ன தேதி.

இந்தக் கோடு விழும் விதத்திலேயே காரணம் தெரிந்துவிடும். கோடு மாதக்கணக்கில் தட்டையாகப் போய், கடைசி இரண்டு மாதத்தில் திடீரென்று எகிறினால், அறிக்கைகள் உண்மை பேசவில்லை. தாமதம் முன்பே இருந்திருக்கிறது, யாரும் சொல்லத் துணியவில்லை அல்லது அளக்கத் தெரியவில்லை. தொடக்கத்திலிருந்தே மாதத்துக்கு ஒரு மாதம் தள்ளிக்கொண்டே போனால், மதிப்பீடு தவறு அல்லது ஆட்களே அந்த வேலைக்கு வரவில்லை. படிக்கட்டு மாதிரி சில இடங்களில் மட்டும் ஏறினால், அந்தத் தேதிகளை மாற்றக் கோரிக்கைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் வேலை எல்லை விரிந்த நாட்களாக இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகை நோய்க்கு மதிப்பீட்டுப் பயிற்சி கொடுத்தால் காசுதான் வீண்.

இதோடு 12 முதல் 15 பேரிடம் தனித்தனியாக நேர்காணல். ஒரே ப்ராஜெக்ட்டின் ஸ்பான்சர், மேனேஜர், வேலை செய்பவர் மூவரிடமும் ஒரே கேள்வி: "இது வெற்றி என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாவிட்டால் அட்டவணையைத் திருத்தி என்ன பயன்? எல்லாம் சேர்த்து 4 முதல் 6 வாரத்தில் முடிய வேண்டிய வேலை இது. மூன்று மாதம் கேட்டால் கேள்வி கேளுங்கள்.

தூக்குநூல்:

அட்டவணையின் தரத்தைச் சோதிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். ஆலை விரிவாக்கம் மாதிரி பெரிய வேலைகளுக்கு இது மிக முக்கியம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த மேலாண்மை முகமை, டிசிஎம்ஏ, வைத்திருக்கும் 14 அம்சச் சோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்: முன்வேலையோ பின்வேலையோ இணைக்கப்படாத பணிகள் 5%-க்கு மேல் கூடாது. இணைப்புகளில் குறைந்தது 90% "இது முடிந்தால் அது தொடங்கும்" வகையாக இருக்க வேண்டும். தேதியைக் கையால் ஆணி அடித்த பணிகள் 5%-க்குள். 44 வேலைநாளுக்கு மேல் நீளும் பணிகள் 5%-க்குள். 44 நாளுக்கு மேல் ஃப்ளோட் (முடிவு தேதியைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய காலம்) உள்ளவையும் 5%-க்குள். எதிர்மறை ஃப்ளோட் அறவே கூடாது.

இவற்றில் அதிகம் கெடுப்பது ஆணி அடித்த தேதிதான். முன்னால் உள்ள வேலை மூன்று வாரம் தள்ளிப்போனாலும், பின்னால் உள்ள பணி அதே தேதியிலேயே நிற்கும், முடிவு தேதி நகராது, திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும்.

எளிதான சோதனை ஒன்று உண்டு. கிரிட்டிகல் பாத்தில் (முடிவு தேதியைத் தீர்மானிக்கும் பணித் தொடரில்) உள்ள ஒரு பணியின் மீதிக் காலத்தோடு 600 நாளைச் சேர்த்துப் பாருங்கள். ப்ராஜெக்ட்டின் முடிவு தேதியும் ஏறக்குறைய 600 நாள் நகர வேண்டும். நகராவிட்டால் உங்கள் கையில் இருப்பது அட்டவணை அல்ல, பட்டைகளை வரைந்து வைத்த படம். சோதித்ததும் பழைய எண்ணைப் போட மறக்க வேண்டாம், பிரதி எடுத்துச் செய்வது நல்லது.

கயல்:

மேலே சொன்னது ஆலை வேலைக்குச் சரி. மென்பொருள் குழுக்கள்மீது அதே 14 அம்சத்தைத் திணித்தால் அவர்கள் பொய்யான அட்டவணை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு, வேலையை வேறு பலகையில் நடத்துவார்கள். ஆலோசனை நிறுவனங்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது: ஒரே முறை, ஒரே டெம்ப்ளேட், எல்லோருக்கும். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வழிகாட்டி நூலான பிஎம்பாக்கின், 2021-ல் வந்த 7-ம் பதிப்பே முறையை இடத்துக்கேற்ப வெட்டித் தைப்பதற்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறது.

மென்பொருள் பக்கம் கேட்க வேண்டியது: கடந்த 12 வாரத்தில் வாரத்துக்கு எத்தனை வேலைகள் முடிந்தன என்ற எண்கள். அவற்றிலிருந்து குருட்டாம்போக்கில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு எண்ணை எடுத்து, மீதி வேலை தீரும்வரை கூட்டி, இதை ஆயிரக்கணக்கான தடவை செய்தால் முடிவு தேதிகளின் பரவல் கிடைக்கும். மான்டே கார்லோ முறை இது, விரிதாளிலேயே செய்யலாம். 85% தடவை எந்தத் தேதிக்குள் முடிந்ததோ அதை வெளியே சொல்லுங்கள். வேலைகளின் அளவு தாறுமாறாக இருந்தாலோ, குழு நடுவில் மாறியிருந்தாலோ இந்தக் கணிப்பு ஏமாற்றும்.

நிறுவனம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டியது மிகக் கொஞ்சம்: யார் ஸ்பான்சர், எப்போது நிறுத்துவது என்ற விதி, மாதத்துக்கு ஒரு பக்க அறிக்கை, மாற்றக் கோரிக்கைப் பதிவேடு. மீதியைக் குழுக்களிடம் விடுங்கள்.

வரைகோடு:

அந்த ஒரு பக்க அறிக்கையில் என்ன இருக்கும் என்பதில்தான் சிக்கலே. "90% முடிந்தது" என்று எழுதிய பணி அடுத்த மாதமும் 90%, அதற்கடுத்த மாதம் 92%. இதைத் தடுக்க சதவீதத்தை ஆட்களின் கணிப்புக்கு விடக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் முடியும் பணிக்கு 0/100: முடிந்தால் முழுமதிப்பு, முடியாவிட்டால் பூஜ்யம். கொஞ்சம் நீளமானதற்கு 50/50: தொடங்கினால் பாதி, முடிந்தால் மீதி. இன்னும் நீளமானதைக் கண்ணால் பார்க்கக்கூடிய மைல்கற்களாக உடைத்து எடை போடுங்கள்.

பிறகு, முடிந்த வேலையை அதன் பட்ஜெட் மதிப்பில் அளக்கும் ஈட்டிய மதிப்பு முறை வேலை செய்யும். மொத்த பட்ஜெட் 100 அலகு. இந்தத் தேதிக்குள் 50 அலகு வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 40, செலவானது 48. அட்டவணைக் குறியீடு 40 ÷ 50 = 0.80. செலவுக் குறியீடு 40 ÷ 48 = 0.83. இதே போக்கில் போனால் இறுதிச் செலவு 100 ÷ 0.83, அதாவது சுமார் 120 அலகு. பாதி வழி வருவதற்கு முன்பே இந்த 120 மேசைக்கு வந்துவிட்டால், வேலை எல்லையைக் குறைக்கவோ நிறுத்தவோ இன்னும் இடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அட்டவணைக் குறியீடு கடைசிக் கட்டத்தில் ஏமாற்றும். எவ்வளவு தாமதமானாலும் வேலை முடியும்போது ஈட்டிய மதிப்பும் திட்டமிட்ட மதிப்பும் சமமாகிவிடும், குறியீடு 1.0 காட்டும். வால்ட் லிப்கி 2003-ல் முன்வைத்த முறை இதைச் சரிசெய்கிறது, அது மதிப்பைக் காலமாக மாற்றிப் பார்க்கிறது. 12 மாதத் திட்டத்தில் 10-வது மாத முடிவில் நிற்கிறீர்கள், ஆனால் முடித்திருப்பது திட்டப்படி 8-வது மாத அளவுக்குத்தான் என்றால் 8 ÷ 10 = 0.8, ஆக 12 ÷ 0.8 = 15 மாதம்.

கயல்:

எண்கள் சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஞாபகத்திலிருந்து நிரப்பும் டைம்ஷீட்டை வைத்துச் செலவுக் குறியீட்டை இரண்டு தசமத்துக்குக் கணக்கிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வரைகோடு:

ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வரும் செலவுத் தரவை நம்ப முடியாத இடத்தில் செலவுக் குறியீட்டை விட்டுவிட்டு, காலம் சார்ந்த குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு டைம்ஷீட் தேவையில்லை. ஒப்பந்தத் தொகை, பொருள் கொள்முதல் இரண்டும் பெரும்பங்காக இருக்கும் ஆலை வேலையில் செலவுத் தரவு கணக்குப்பிரிவிலிருந்தே வரும், அங்கே முழுதாகப் பயன்படுத்துங்கள். பில் வருவதற்கு முன்பே முடிந்த வேலைக்கான செலவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் செலவு குறைவாகத் தெரியும்.

செவ்வந்தி:

வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்ற மதிப்பீடு பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சுருக்கமாக. தோண்டியெடுத்த 8 ப்ராஜெக்ட்டுக்கும் உண்மையான காலத்தை முதல் மதிப்பீட்டால் வகுத்து வரிசைப்படுத்துங்கள். உதாரணமாக 1.1, 1.2, 1.3, 1.4, 1.5, 1.6, 1.9, 2.4 என்று வந்தால் நடுமதிப்பு 1.45. அடுத்து ஒருவர் "8 மாதம்" என்றால் 11.6 மாதத்தில் முடிய ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. 8-ல் 6 ப்ராஜெக்ட்கள் 1.6 மடங்குக்குள் முடிந்திருப்பதால், கொஞ்சம் உறுதியாகச் சொல்ல 12.8 மாதம். உளவியலாளர்கள் கானிமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே காட்டிய வழி இது: உள்ளிருந்து பணிகளைக் கூட்டுவதை விட, இதே மாதிரி வேலைகள் வெளியில் எப்படி முடிந்தன என்று பார்ப்பது நம்பகமானது. 8 என்பது சிறிய எண்ணிக்கைதான், வருடா வருடம் சேர்த்துக்கொண்டே போங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. முன்மொழிவுகளில் எதிலாவது "முடிவெடுக்கும் காலம்" என்ற சொல் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று 200 பக்கம் எழுதுவார்கள், மேலே இருப்பவர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. கட்டணம் கொடுப்பவரையே அளக்கும் வரி அது. அதனால்தான் நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

செய்வது எளிது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் மேலிடத்திடம் கேட்ட முடிவுகளை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள்: கேட்ட தேதி, யாரிடம், எந்தத் தேதிக்குள் தேவை, பதில் வந்த தேதி. இரண்டு மாதத்தில் நடுமதிப்பு தெரிந்துவிடும். ஒரு முடிவுக்கு 3 வாரம் ஆகிறது, ப்ராஜெக்ட்டில் அப்படி 10 முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்றால் 30 வாரம் அங்கேயே போய்விட்டது. எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது.

குறைக்க வழி, எல்லையை முன்கூட்டியே வகுப்பது. பிரின்ஸ்2 என்ற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் முறையில் இதைச் சகிப்பு வரம்பு என்பார்கள். உதாரணமாகக் காலத்தில் 10%, செலவில் 5% வரை மேனேஜரே முடிவெடுக்கலாம், தாண்டும் என்று தெரிந்த உடனே, தாண்டிய பிறகு அல்ல, ஸ்பான்சரிடம் போக வேண்டும். ஸ்பான்சர் 5 வேலைநாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த நிலைக்குத் தானாகப் போகும்.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தம் பற்றி யாராவது சொல்லுங்கள். "சொன்ன தேதியில் முடியும் ப்ராஜெக்ட்களின் விகிதம் உயர்ந்தால்தான் முழுக் கட்டணம்" என்று போடலாமா?

நிறைகோல்:

வேண்டாம். அப்படிப் போட்ட அன்றே எல்லா பேஸ்லைனிலும் பஞ்சு திணிக்கப்படும். 8 மாத வேலைக்கு 14 மாதம் எழுதி, 13-ல் முடித்து, விகிதம் உயர்ந்துவிடும்.

ஆய்வுக் கட்டத்தைத் தனி ஒப்பந்தமாகப் போடுங்கள், நிலையான கட்டணம், முடிந்ததும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை. கண்டுபிடித்ததை வேறொருவரை வைத்தும் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்க வேண்டும். அடுத்தது 2 அல்லது 3 ப்ராஜெக்ட்டில் 12 முதல் 16 வாரம் முன்னோட்டம். அதற்குப் பிறகுதான் மற்றவற்றுக்கு.

கட்டணத்தின் கடைசிப் பகுதியைக் கைமாற்றலோடு கட்டுங்கள். ஒவ்வொரு ஆலோசகருக்கும் உங்கள் ஆள் ஒருவர் ஜோடி. முதல் மாத ஆய்வுக் கூட்டத்தை ஆலோசகர் நடத்துவார், இரண்டாவதை இருவரும் சேர்ந்து, மூன்றாவதை உங்கள் ஆள் நடத்த ஆலோசகர் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் ஆள் தொடர்ந்து இரண்டு மாதம், ஆலோசகர் வாய் திறக்காமல், எண்களைத் தயாரித்துக் கூட்டத்தையும் முடித்தால் அந்தத் தொகை விடுவிக்கப்படும்.

இன்னும் மூன்று விஷயம். முன்மொழிவை விளக்க வந்த மூத்த ஆலோசகர்கள் வேலைக்கும் வருவார்களா என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள், மாற்றினால் உங்கள் ஒப்புதல் வேண்டும். டெம்ப்ளேட், விரிதாள், தரவு எல்லாம் திருத்தக்கூடிய வடிவில் உங்களுக்குச் சொந்தம். மென்பொருள் வாங்குவது முன்னோட்டம் முடியும்வரை தள்ளிவைக்கப்பட வேண்டும். அதே ஆலோசகர் அந்த மென்பொருளை விற்றுக் கமிஷன் பெறுபவரா என்று நேராகவே கேளுங்கள்.

தூக்குநூல்:

பிஎம்ஓ அமைப்பதாக இருந்தால் ஒரு அளவு சேர்த்துக்கொள்ளுங்கள்: அறிக்கை தயாரிக்க ஒரு மேனேஜருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் போகிறது, முன்பும் பின்பும். 3 மணி 8 மணியாகியிருந்தால் பிஎம்ஓ வெறும் அறிக்கை வசூல் செய்யும் அலுவலகமாகிவிட்டது. ஒவ்வொரு அறிக்கைக்கும் "இதைப் படித்து யார் என்ன முடிவெடுக்கிறார்?" என்று கேட்டு, பெயர் வராதவற்றை நிறுத்துங்கள்.

இளவேனில்:

முன்னோட்டத்துக்கு எந்த ப்ராஜெக்ட்டை எடுப்பது? மேலிடம் மிக மோசமாகத் தாமதமான ஒன்றைச் சொல்கிறது. ஜோடிக்கு எந்த மாதிரி ஆளைத் தருவது என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

கயல்:

மோசமானதை எடுக்காதீர்கள். அதில் தினமும் தீயணைப்பு வேலைதான் நடக்கும், புதிய முறை உதவியதா இல்லையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சுலபமானதும் வேண்டாம், "இது எப்படியும் முடிந்திருக்கும்" என்பார்கள். இன்னும் 4 முதல் 6 மாத வேலை மீதி இருப்பது, இரண்டு துறைகளாவது சம்பந்தப்பட்டது, தொலைபேசியை எடுக்கிற ஸ்பான்சர் உள்ளது. ஒன்று மென்பொருள், ஒன்று வடிவமைப்பு என்று வகை மாற்றி எடுங்கள். மோசமான அந்த ப்ராஜெக்ட்டுக்கு வேண்டியது தனி மீட்பு ஆய்வு: தொடர்வதா, சுருக்குவதா, நிறுத்துவதா. 2 வாரத்தில் பதில் வர வேண்டும்.

செவ்வந்தி:

ஜோடிக்கு ஓய்வாக இருப்பவரைத் தராதீர்கள். மற்ற மேனேஜர்கள் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்களோ அவரைத் தாருங்கள். அவருடைய நேரத்தில் பாதியை எழுத்தில் விடுவித்து, விட்ட வேலையை யார் செய்வார் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். "இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கொள்" என்றால் மூன்றாவது வாரத்திலிருந்து கூட்டங்களுக்கு வரமாட்டார், ஆலோசகரே எல்லாவற்றையும் தயாரிக்கத் தொடங்குவார். முதல் மாதத்திலேயே இதைப் பிடிக்க, மாத அறிக்கையின் விரிதாளைக் கடைசியாகத் திருத்தியவர் யார் என்று பாருங்கள்.